கல்லாப்பெட்டியும் பட்டுச் சேலையும்

வணிகர் வீடுகளில் துணிமணி ஆசை சற்றுக் கூடுதல் என்று யாராவது சொன்னால் நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. விடிவதற்கு முன் கடையைத் திறந்து, இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும் வரை பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே நிற்கிறவருக்கு, கல்யாண வீட்டிலாவது மடிப்புக் கலையாத சட்டையோடு முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் மடித்துக் கொடுக்கும் வீட்டம்மாவுக்கு, நாள் முழுவதும் மாவும் மிளகாய்த்தூளும் படிந்த நைந்த சேலைதான் உடுப்பு. விசேஷத்துக்கு ஒரு நல்ல சேலை கேட்டால் அதில் தவறென்ன? மே 5 வணிகர் தின மாநாட்டுக்குப் புறப்படும்போது நம் உறுப்பினர்கள் வெள்ளை வேட்டியின் கரையை எத்தனை முறை சரிபார்க்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே ஆசையை அறுத்துவிடுங்கள் என்று உபதேசிக்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஊரில் எல்லோரும் ஆசையை அறுத்துவிட்டால் பிறகு நம் கடைக்குத்தான் யார் வருவார்கள்? நாம் சொல்ல வருவது வேறு. மாதச் சம்பளக்காரர் ஆசைப்பட்டுத் துணி எடுப்பதற்கும் கடைக்காரர் எடுப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைகள்கூட ஒருநாள் சரக்கு எடுக்கப் பணமில்லாமல் திண்டாடுகின்றன.

சம்பளக்காரர் கையில் உள்ள பணம் அவருடையது. கல்லாவில் உள்ள பணம் நம்முடையது அல்ல. அதில் பெரும்பகுதி மொத்த வியாபாரியுடையது, கொஞ்சம் கட்டட உரிமையாளருடையது, கொஞ்சம் மின் வாரியத்துடையது, கொஞ்சம் வரித் துறையுடையது. இவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் நமக்கு. ஆனால் பெட்டியைத் திறக்கும்போது எல்லாம் ஒரே நிறத்து நோட்டாகத்தானே தெரிகிறது!

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ரூ. 15,000 விற்கும் மளிகைக் கடை. வாடகை, கூலி, கழிவு, சேதாரம் எல்லாம் போக நூற்றுக்கு ஆறு ரூபாய் நிற்கிறது. மாதம் ரூ. 4,50,000 வியாபாரத்தில் ரூ. 27,000 மிச்சம். இந்தக் கடைக்காரர் தம்பி கல்யாணத்துக்கு ரூ. 9,000க்கு ஒரு பட்டுச் சேலை எடுக்கிறார். இன்றைய பட்டு விலையில் அது பெரிய சேலையே அல்ல. ஆனால் அந்த ஒன்பதாயிரம் லாபமாக வர வேண்டுமானால் ரூ. 1,50,000க்குச் சரக்கு விற்றிருக்க வேண்டும். அதாவது பத்து நாள் வியாபாரம். மகனுக்கு எடுத்த ரூ. 1,500 சட்டை ஒன்றரை நாளுக்கும் மேலான வியாபாரம். உங்கள் கடையில் நூற்றுக்கு ஆறா, நான்கா, எட்டா என்பது உங்கள் ஐந்தொகைக்குத்தான் தெரியும். ஜவுளிக் கடையில் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்க்கும்போது, ‘இது எத்தனை ரூபாய்’ என்று கேட்பதோடு ‘இது எத்தனை நாள் கடை’ என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில துணிகள் தாமாகவே கையை விட்டு இறங்கிவிடும். சில இறங்காது, அவை உண்மையிலேயே வேண்டியவை.

சேலையின் விலையோடும் முடிவதில்லை. ரவிக்கைத் தையல், லைனிங் துணி, ஃபால்ஸ், முந்தானைக் குஞ்சம் என்று வால் நீளும். ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைக்குச் சேலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு.

புளி வரும் காலமும் துணி எடுக்கும் காலமும்

நம் தொழிலில் பணம் ஓடும் காலமும் துணி எடுக்கும் காலமும் ஒன்றாக வருவதுதான் பெரிய சங்கடம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் பொங்கலுக்கு முந்தைய வாரமும் கல்லா நிரம்பி வழிகிறது. எண்ணெயும் கடலைமாவும் சர்க்கரையும் வெல்லமும் மூட்டை மூட்டையாகப் போகின்றன. மொத்தக் கடைப் பில்லுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் கெடு இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் குடும்பத்தோடு ஜவுளிக் கடைக்குப் போகிறோம். கையில் இருப்பதெல்லாம் லாபம் போலத் தோன்றும் நேரம் அது.

பொங்கல் முடிந்ததும் தை முகூர்த்தங்கள். ஒவ்வொரு அழைப்பிதழுக்கும் மொய் ஒருபுறம், உடுப்பு ஒருபுறம். இதைத் தாண்டி மாசி, பங்குனிக்கு வந்தால் சந்தைக்குப் புதுப் புளி வருகிறது, புது மிளகாய் வருகிறது. ஆண்டு முழுவதற்குமான புளியை அப்போது விலை படிந்த நேரத்தில் எடுத்துக் கொட்டை நீக்கி உப்புத் தூவி அடுக்கி வைக்கிற கடைக்காரருக்கு, ஐப்பசியில் விலை ஏறும்போது கிடைக்கும் ஆதாயம் சாதாரணமானதல்ல. இதற்கு வேண்டியது கை ரொக்கம். அந்த ரொக்கம் தையிலேயே பீரோவுக்குள் போய் மடிந்து உட்கார்ந்துவிட்டால், பத்துப் பத்துக் கிலோவாகக் கடனுக்கு வாங்கி விற்க வேண்டியதுதான். ஆகவே அந்தப் பட்டுச் சேலையின் உண்மையான விலை ரூ. 9,000 அல்ல, வாங்காமல் விட்ட புளி மூட்டையின் ஆதாயத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதைவிட மோசமானது நாணயக் கேடு. கெடு தாண்டி ஒருமுறை, இருமுறை பில் நின்றால் மொத்த வியாபாரி வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ரொக்கக் கழிவு நின்றுவிடும். உளுந்து தட்டுப்பாடு வரும்போது நம் சீட்டு கடைசிக்குப் போய்விடும். நாலு கடை தாண்டி இருப்பவருக்குப் போகிற முதல் ரகம் நமக்கு வராது. நம் தொழிலில் நாணயம் என்ற ஒரே சொல் காசுக்கும் சொல் தவறாமைக்கும் நிற்கிறது. ஒன்று போனால் மற்றதும் போகும்.

கல்லா இப்போது சட்டைப் பையில்

முன்பெல்லாம் கல்லாவிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுக்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். சத்தம் கேட்கும். கடைப் பையன் பார்ப்பான். வயதான தகப்பனார் மூலையில் உட்கார்ந்திருந்தால் “எதுக்குப்பா?” என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்தக் கூச்சமே பாதிச் செலவைக் காப்பாற்றியது. 2016இல் யு.பி.ஐ. வந்து, பிறகு கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்கத் தொடங்கிய பின் அந்தக் கூச்சம் போய்விட்டது. வாடிக்கையாளர் செலுத்தும் பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதே கணக்கு, அதே கைப்பேசி வழியாக இரவு பதினோரு மணிக்குச் சட்டையாகவும் சுடிதாராகவும் வெளியே போகிறது. சத்தமும் இல்லை, சாட்சியும் இல்லை.

இதில் இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். இணைய வணிகம் சிறு கடைகளை விழுங்குகிறது என்று சங்கக் கூட்டங்களில் பேசுகிறோம், கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் வாசலில் பார்சல் காத்திருக்கிறது. பிள்ளைகள் வாங்கினார்கள் என்போம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பது அங்குள்ள கவர்ச்சி. ஆனால் அளவு சேராத துணியை மீண்டும் கட்டி அனுப்புவதற்குள் கெடு முடிந்து, அது பீரோவில் சேர்வதும் உண்டு. நாலு தெரு தள்ளி நம் சக வணிகர் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போனால் துணியை விரலால் நிரடிப் பார்க்கலாம், சாயம் போகுமா என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். அவர் வீட்டு மளிகையும் நம் கடைக்கு வரும்.

தவணை விஷயமும் இதோடு சேர்ந்ததே. கடன் அட்டையில் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டினால், பல அட்டைகளில் மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் அளவில் வட்டி ஏறுகிறது. ஆண்டுக்கு நாற்பது ரூபாயைத் தாண்டும். நூற்றுக்கு ஆறு சம்பாதிக்கிற தொழிலில் இருந்துகொண்டு இந்த வட்டிக்குச் சட்டை வாங்குவது எப்படிக் கட்டும்? ‘வட்டியில்லாத் தவணை’ என்று போட்டிருந்தாலும், வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் பல இடங்களில் செயலாக்கக் கட்டணத்தையும் நம்மிடமே வாங்குகிறார்கள்.

நம் வித்தை நமக்கே

கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் ஜாடியை வைப்பது யார்? நாம்தான். குழந்தையின் கண்மட்டத்தில் சிப்ஸ் சரம் தொங்கவிடுவதும், சோப்பு மூன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்பதை முகப்பில் ஒட்டுவதும் நாம்தான். இத்தனையும் தெரிந்த நாம், ஜவுளிக் கடையில் நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாத வாடிக்கையாளராகிவிடுகிறோம். ஆடித் தள்ளுபடி எதற்கு என்று ஒரு வணிகருக்கு விளக்க வேண்டுமா? தீபாவளிக்குப் புதுச்சரக்கு இறங்குமுன் பழைய இருப்பைக் கழிக்க வேண்டும், மந்தமான மாதத்தில் ரொக்கம் புரள வேண்டும். அதில் குற்றமில்லை, நல்ல வியாபாரம் அது. வீட்டிலிருந்தே சீட்டு எழுதிக்கொண்டு போகிறவருக்கு ஆடியில் உண்மையான லாபம் இருக்கிறது. தீபாவளிக்கு வேண்டிய வேட்டி, உள்ளாடை, படுக்கை விரிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் அன்றாட உடுப்பு ஆகியவற்றை அப்போதே முடித்துவிடலாம். சீட்டு இல்லாமல் போகிறவர், ரூ. 2,000 சேலையை ரூ. 1,200க்கு வாங்கி ரூ. 800 மிச்சம் என்று மகிழ்கிறார். கல்லாவிலிருந்து போனது ரூ. 1,200 என்பது நாள்வழியைப் பார்த்தால் தெரியும்.

ஆண்டுக்கு ஒருமுறை கடையில் இருப்பு எடுக்கிறோமே, அதுபோல வீட்டுப் பீரோவிலும் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டாகக் கட்டாத சேலை, அளவு போன சட்டை, பிரித்துப் பார்க்காத வேட்டிப் பெட்டி, மொய்க்குப் பதிலாக வந்த துணி எல்லாம் வெளியே வரும். கடையில் என்றால் ஓடாத சரக்கு என்று ஒதுக்கி, அந்த ரகத்தை மறுபடி எடுக்க மாட்டோம். பீரோவுக்கும் அதே நியாயம்தான். எந்த நிறம் கட்டப்படுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கொள்முதல் சுருங்கும். நல்ல ரகம் ஒன்றை எடுத்து நாற்பது முறை கட்டுபவர்தான் உண்மையில் துணியை ரசிப்பவர் என்பது நம் அபிப்பிராயம்.

இடமறிந்து வாங்குவதும் நமக்குப் புதிதல்ல. சரக்குக்காக ஈரோட்டுக்குப் போகிற உறுப்பினர்கள், திங்கள் மாலை தொடங்கி செவ்வாய் வரை கூடும் ஜவுளிச் சந்தையை எட்டிப் பார்க்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் ரகங்கள் கிடைக்கும். தையலையும் அளவையும் பார்த்து எடுக்க வேண்டும். ஆனால் மலிவு என்பதற்காக டஜன் கணக்கில் அள்ளி வந்தால் அதுவும் ஓடாத சரக்குதான்.

ஆயத்த ஆடை எடுக்கும்போது வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி ரூ. 2,500 வரை 5 சதவீத ஜி.எஸ்.டி.; அதற்கு மேல் 18 சதவீதம். வரிக்கு முன் ரூ. 2,400 விலையுள்ள சுடிதாருக்கு வரி ரூ. 120, ரூ. 2,600 விலையுள்ளதற்கு ரூ. 468. விலையில் இருநூறு ரூபாய் வித்தியாசம் கையில் ரூ. 548 ஆகிறது. வீட்டுத் துணியைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குச் சட்டப்படி உள்ளீட்டு வரி கிடையாது. தணிக்கையில் அகப்பட்டால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

வீட்டுக்கும் ஒரு சம்பளம்

இவ்வளவுக்கும் மருந்து பழையதுதான். கடையிலிருந்து நாம் நமக்கே ஒரு சம்பளம் எடுத்துக்கொள்வது. முன்சொன்ன கடையில் மிச்சம் ரூ. 27,000 என்றால், வீட்டுச் செலவுக்கு ரூ. 20,000, துணிமணிக்கென்று ரூ. 2,700, மீதி ரூ. 4,300 முதலில் சேரட்டும். மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றி, நாள்வழியில் ‘எடுப்பு’ என்று எழுதிவிட வேண்டும். கடைக்கு நடப்புக் கணக்கு தனி, வீட்டுக்குச் சேமிப்புக் கணக்கு தனி. கைப்பேசியில் சொந்தப் பொருள் வாங்குவது வீட்டுக் கணக்கிலிருந்து மட்டுமே. துணிக்கென்று ஒதுக்கியது ஆண்டுக்கு ரூ. 32,400 ஆகிறது. தீபாவளி, பொங்கல், இரண்டு மூன்று விசேஷம் என்று பிரித்துக்கொண்டால் ஒரு குடும்பம் கௌரவமாக உடுத்தலாம். பட்டு வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று சேர்த்து, நல்லதாக எடுக்கலாம். வாடிக்கையாளர் வீடுகளுக்குத் தீபாவளிச் சீட்டு என்றால் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு மட்டும் அது ஏன் இல்லை?

இதில் வீட்டம்மாவின் பங்கு தனி. கடையில் பாதி நாள் நிற்கும் மனைவிக்குச் சம்பளம் என்று எதுவும் கொடுக்காமல், சேலை கேட்கும்போது மட்டும் ‘செலவாளி’ என்பது முறையல்ல. அவர் உழைப்புக்கு ஒரு தொகை மாதாமாதம் அவர் கையில் கொடுங்கள். வரிக் கணக்கில் அதை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளலாம். தன் பணத்தில் எடுக்கும்போது அவர் பேரம் பேசுவதைப் பார்த்தால் நாமே அவரை மொத்தக் கொள்முதலுக்கு அனுப்பத் தோன்றும். பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால், எந்தச் சட்டை வேண்டும், எது வேண்டாம் என்ற வழக்கு அவர்களுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

இந்தச் சிக்கனத்தில் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டாம். கடைப் பையன்களுக்கும் மூட்டை இறக்குபவருக்கும் கொடுக்கும் தீபாவளித் துணி நம் எடுப்பில் வராது. அது கடைச் செலவு, தனியாக எழுதுங்கள். அதிலும் வேட்டி, சட்டைத் துணி கொடுப்பதானால் புரட்டாசி முடியுமுன் கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு எந்தத் தையற்கடையிலும் புதுத் துணி வாங்க மாட்டார்கள்.