விண்கதிர்ப் பொழிவும் மலையின் உயரமும்

விண்வெளியிலிருந்து ஓயாது பூமியை வந்தடையும் நுண்துகள்களை விண்கதிர்கள் என்கிறோம். 1912-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் வரை ஏறி, அங்கே கதிர்வீச்சு தரையிலுள்ளதைவிடப் பெரிதும் மிகுந்திருப்பதைக் கண்டார். அப்படியாயின், இவற்றை ஆராய மிக உயர்ந்த மலையே மிகச் சிறந்த இடமாகுமா?

விடை காண, ஒரு துகளின் வரலாற்றைத் தொடர்வோம். ஆற்றல் மிக்க புரோட்டான் ஒன்று மேல்வானில் காற்றின் அணுக்கருவொன்றை மோதுகிறது. பயான் என்னும் துகள்கள் பல பிறக்கின்றன. அவற்றுட் சில காமாக் கதிர்களாகச் சிதைகின்றன. காமாக் கதிர் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகிறது. அவை மீண்டும் காமாக் கதிர்களை ஈனுகின்றன. இவ்வாறு பெருகும் கூட்டமே காற்றுப் பொழிவு. 1938-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் ஓஜே, ஒன்றுக்கொன்று தொலைவில் வைத்த கருவிகள் ஒரே கணத்தில் துகள்களைப் பதிவதிலிருந்து இதனை உணர்ந்தார்.

ஆனால் இப்பெருக்கத்திற்கு எல்லை உண்டு. பாட்டனார் சொத்து பேரர்களிடையே பிரியப் பிரிய ஒவ்வொருவர் பங்கும் சிறுப்பதுபோல, துகள்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் ஆற்றலும் குறைகிறது. பங்கு மிகச் சிறுத்தபின் புதிய துகளை ஈன இயலாது. இருப்பவையும் காற்றில் அடங்கிவிடுகின்றன. ஆகவே பொழிவு வளர்ந்து, உச்சமடைந்து, தேய்கிறது. மியூவான்கள் மட்டும் காற்றை எளிதிற் கடந்து, பெருமளவில் தரையை எட்டுகின்றன.

பொழிவுக்கு அளவுகோல் மீட்டரன்று. கடந்துவந்த காற்றின் எடையே. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காற்று நிற்கிறது. கிரேப்ஸ்-3 ஆய்வுநிலையம் அமைந்துள்ள உதகமண்டலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், அது சுமார் 800 கிராம். பத்துக் கோடி கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புரோட்டானின் பொழிவு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் உச்சமடைகிறது. கடல்மட்டத்தை எட்டுவது அதில் ஒரு சிறு பங்கே. ஆற்றல் குறைந்த துகளாயின், அதன் பொழிவு நடுவானிலேயே மடிந்துபோகும்; தரையிலிருப்போருக்குச் செய்தி கிட்டாது.

ஆற்றல் மிகுந்தால் உச்சம் கீழிறங்குகிறது. எனவேதான், ஒப்புநோக்கில் ஆற்றல் குறைந்த பொழிவுகளையும் தேடும் சீனாவின் லாசோ நிலையம் 4,410 மீட்டரிலும், மிகப் பேராற்றலுள்ளவற்றைத் தேடும் அர்ஜென்டினாவின் பியேர் ஓஜே ஆய்வகம் சுமார் 1,400 மீட்டரிலும் அமைந்துள்ளன. பேராற்றல் பொழிவை மிக உயரத்தில் எதிர்கொண்டால், அது முழு வளர்ச்சி எய்துமுன்னரே கருவிகளைக் கடந்துவிடும். எந்த மலை சிறந்தது என்பதை, எதைத் தேடுகிறோம் என்பதே முடிவு செய்கிறது.