பாதிரியார் வெட்கப்பட்ட தேர்

அக்டோபர் பிறந்தால் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் ஜெபமாலை அன்னையின் தேர் கிளம்பிவிடும். அதே ஊரில் தங்கி ஊழியம் செய்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவா இன்று வந்து பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். 1823-இல் லண்டனில் அச்சான தம் கடிதங்களில், இங்குள்ள கிறிஸ்தவர்களின் இரவு ஊர்வலங்கள் தமக்கு எப்போதுமே வெட்கக்கேடாக இருந்தன என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர். தப்பட்டை, எக்காளம், தீவட்டி, வாணவேடிக்கை, மாலை சுற்றிய தேர், கூட்டத்தின் கூச்சல் என்று ஒன்று விடாமல் சொல்கிறார். (பிடிக்காததை இத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாரே!)

ஆனாலும் துபுவாவை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மைசூர்ச் சீமைக்குப் போனார். நொடிந்து கிடந்த கத்தோலிக்கக் குடும்பங்களை ஹாசன் பக்கம் சாத்தஹள்ளியில் குடியமர்த்தி, உழவுக்கு வழி செய்தார். அம்மை குத்திக்கொள்ளப் பயந்தவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஏர் பிடிக்கச் சொன்னபோது கேட்ட ஜனம், மேளத்தை நிறுத்தச் சொன்னால் கேட்குமா?

ஐரோப்பாவிலேயே கேட்கவில்லை. ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1780-களில் ஊர்வலங்களுக்கும் திருயாத்திரைகளுக்கும் கடிவாளம் போட்டார். பீடத்தில் எத்தனை மெழுகுவத்தி என்பதுவரை உத்தரவு பறந்தது. அடிப்பலகை திறந்து பிணத்தைக் குழியில் இறக்கிவிட்டு, மறுபடி பயன்படுத்தும் சிக்கனச் சவப்பெட்டியும் வந்தது. ஜனங்கள் கொதித்தார்கள். 1785-இல் சவப்பெட்டி உத்தரவு வாபஸ்.

இங்கே அதற்கும் முன்பே, 1704-இல் புதுச்சேரியில் போட்ட ரோமத் தூதரின் ஆணை தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது என்றது. பிள்ளையார் இறங்கினார், சிலுவை ஏறியது; தாலி அங்கேயே இருக்கிறது.

தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எதற்குள் வராது என்பதில் சாதி உட்கார்ந்திருக்கிறது, ஆகவே சீர்திருத்தக்காரர் பக்கமும் நியாயம் உண்டு என்பார்கள். உண்டுதான்.

ஆனால் என் கவலை வேறு இடத்தில், இன்றைய தேரின் பின்னால். ஜவ்வாதுமலை அடிவாரத்துப் போளூரைத் தாண்டினால் லூர்து மாதா ஆலயம் இருக்கும் சேத்துப்பட்டு. இந்த வட ஆர்க்காட்டுப் பக்கமானாலும் தெற்கத்திச் சீமையானாலும் தேருக்குப் பின்னால் இப்போது ஜெனரேட்டர் வண்டி வருகிறது. நாயனமும் பறையும் ஒலித்த இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. ரோமும் துபுவாவும் அடக்க முடியாத தப்பட்டையை வாடகை சவுண்ட் சர்வீஸ் அடக்குகிறது. எந்தப் பங்குக் கூட்டத்திலும் இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்வதாகத் தெரியவில்லை. திருவிழா நோட்டீஸில் ஒலி ஒளி அமைப்பாளருக்குக் கொட்டை எழுத்தில் இடமிருக்கிறது. மேளக்காரருக்கு ஒரு வரி இருந்தால் அதிசயம்.