பின்லாந்து தேசத்து வேட்டைக் கத்தி

ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியிலுள்ள பின்லாந்து தேசத்தில் வருஷத்தில் பல மாதங்கள் பூமி பனியால் மூடப்பட்டிருக்கும். உழவுத்தொழில் நடவாத அக்காலத்தில் வேட்டையாடுதலும், மீன் பிடித்தலும், மரவேலையுமே குடியானவர்களுக்கு உபதொழில்களாக இருந்துவந்தன. இம்மூன்றிற்கும் உதவிய கருவி ஒன்றே. அதற்குப் 'பூக்கோ' என்று பெயர். கௌஹவா என்னும் ஊர் இக்கத்திக்குப் பேர்போனது. அங்கே 1879-ம் வருஷத்தில் ஈசாக்கி யார்வென்பா என்பவர் ஸ்தாபித்த தொழிற்சாலையின் கத்திகள், குதிரைத் தலை வடிவமமைந்த பிடிகளால் கீர்த்தி பெற்றன.

பூக்கோ சிறிய கத்தி. அதன் அலகு ஏறக்குறைய உள்ளங்கையின் அகலமே, அதாவது 8 முதல் 10 செண்டிமீட்டர் நீளமே இருக்கும். கொல்லன் எஃகுத் துண்டை உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, அலகையும் பிடிக்குள் செல்லும் ஒல்லியான வாலையும் ஒரே துண்டாக அடித்து நீட்டுகிறான். பின்னர் அரத்தினால் ராவி உருவமைக்கிறான்.

அடுத்தது தோய்ச்சல். அலகு செக்கச் சிவந்து, காந்தத்தில் ஒட்டாத பக்குவத்தைச் சற்றே தாண்டியதும், அதை எண்ணெயில் தோய்க்கவேண்டும். தோய்த்த எஃகு கடினமாயினும் கண்ணாடியைப்போல் நொறுங்கக்கூடியது. ஆகையால் அதைத் துலக்கி, வைக்கோல் நிறம் தோன்றும்வரை, சுமார் 200 முதல் 230 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில், மறுபடி இளஞ்சூடு காட்டுவர். நிறம் நீலமாகிவிட்டால் கத்தியின் கூர் நிலைக்காது. இளஞ்சூடே காட்டாவிடில் எலும்பில் பட்டவுடன் விளிம்பு உதிரும்.

பிடிக்கு ஏற்றது சுருள் பிர்ச்சு மரம். வடநாட்டில் முற்காலத்தில் ஏடெழுத உதவிய பூர்ஜ மரத்தின் இனத்தைச் சேர்ந்தது இது. இதன் ரேகைகள் வளைந்து நெளிந்து, இடையிடையே பழுப்பு நிறக் கீற்றுகளுடன் விளங்குவதால், செதுக்காமலே சித்திரம் அமைந்துவிடுகிறது. பிர்ச்சுப் பட்டையைச் சிறு வில்லைகளாக வெட்டி, ஒன்றன்மேலொன்றாக அடுக்கி நெருக்கிச் செய்யும் பிடியும் உண்டு. ஈரத்திலும் அது வழுக்காது.

மரத்தை நன்றாக உலர்த்திய பிறகே வேலை தொடங்கவேண்டும். பச்சை மரம் பின்னால் சுருங்கிப் பூணை விட்டுக் கழலும். மரத்தின் நடுவில் துளையிட்டு, வாலை இறுகச் செலுத்தி, இரு முனைகளிலும் பித்தளைப் பூணிட்டு, வாலின் நுனியை வில்லைமேல் தறைந்துவிடுவர். கை பிடிக்குமிடத்தில் இரும்பு வெளித்தெரிவதில்லை. கடுங்குளிரில் வெறும் உலோகம் கையின் சூட்டைக் கவர்ந்து விரல்களை மரத்துப்போகச் செய்யுமன்றோ? முடிவாக, ஆளிவிதை எண்ணெயை மரம் குடிக்குமளவும் பூசி மெருகிடுவர்.

பிடியின் அழகைக் கண்டே ஒருவன் கத்தியை வாங்குகிறான். உள்ளிருக்கும் வாலை அவன் காண்பதில்லை. துளை தளர்ந்திருந்தால் அவ்வழியே ஈரம் புகும். வால் துருப்பிடித்து, வேட்டைக்காட்டின் நடுவே பிடி கழன்றுபோகும். அதன்பின் அப்பட்டறையின் கத்தியை அவன் மட்டுமல்ல, அவன் அண்டையயலாரும் வாங்கார். ஒரு கத்தியில் மிச்சம்பிடித்த அரைமணி உழைப்பு, பட்டறையின் பெயரையே அழித்துவிடுகிறது.

அத்தேசத்துக் குடியானவர்களிடையே ஐக்கிய இயக்கத்தைப் பரப்புவதற்காக ஹான்னெஸ் கெப்ஹார்ட் என்பவர் முயற்சியால் 1899-ம் வருஷத்தில் 'பெல்லெர்வோ' சங்கம் தோன்றியது. ஐக்கிய சங்கமும் ஒருவாறு இக்கத்தியைப் போன்றதே. கட்டடமும் பெயர்ப்பலகையும் பிடியின் சித்திரம். கணக்கும் நாணயமுமே உள்ளிருக்கும் வால். கண்ணுக்குத் தெரியாத அப்பாகம் உறுதியாயிருந்தாலன்றி, வெளியழகு நெடுநாள் நில்லாது என்பதை அங்கத்தினர்கள் மனதிற்கொள்வார்களாக.