விசிறி விரிக்கும் ஓணான்

ஓணான் என்றதும் மரக்கிளையும் வேலியும் நம் நினைவுக்கு வரும். விசிறித்தொண்டை ஓணானோ மரத்தை நாடுவதில்லை. தரையே அதன் உலகம். மண்டபத்தைக் கடந்து இராமேசுவரம் செல்லும் வழியில் குடைவேல் மரங்கள் ஆங்காங்கே நிற்க, இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் படர்ந்த மணல்வெளிகளைக் காணலாம். வெயில் நேரடியாகத் தரையில் விழும் இத்தகைய திறந்த நிலங்களே இவ்வோணானுக்கு ஏற்றவை.

இதன் உடலில் அந்நிலத்தின் சாயல் படிந்திருக்கிறது. மூக்கின் நுனி முதல் வாலின் அடி வரை ஏறத்தாழ 5 செ.மீ. நீளம்; வால் அதனினும் நீண்டது. மணலின் பழுப்பு நிறமே மேனியின் நிறம். முதுகின் நடுவே சாய்சதுர வடிவில் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். அசையாமல் இருக்கும்வரை உற்று நோக்கினாலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட மிக நீண்டவை. ஏனைய ஓணான்களின் பின்னங்காலில் ஐந்து விரல்கள் இருக்க, இதற்கு நான்கே உண்டு. ஐந்தாம் விரலின்மை இப்பேரினத்தை அடையாளம் காண உதவும் முதன்மைக் கூறாகும். ஆபத்தை உணர்ந்தால், முன்னுடலை உயர்த்திப் பின்னங்கால்கள் இரண்டால் மட்டுமே ஓடும். உச்சிவெயிலில் புதரடி நிழலுக்கு ஒதுங்கும். வெம்மை தணிந்ததும் எறும்பு, கறையான், சிறு வண்டு ஆகியவற்றைத் தேடி வெளிவரும்.

ஆணின் தொண்டைக்கடியில் மடிந்து கிடக்கும் தோல்மடிப்பே பெயருக்குக் காரணம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண், சிறு கல்லிலோ மண்மேட்டிலோ ஏறி நின்று அம்மடிப்பை விசிறிபோல் விரித்து விரித்துச் சுருக்கும். பெண்ணை ஈர்ப்பதும் போட்டி ஆணை எச்சரிப்பதும் இச்செயலின் நோக்கங்கள். ஒளிந்து வாழ்வதற்கே உருவான உடல், ஆண்டின் சில மாதங்களில் மட்டும் தன்னை ஊரறியக் காட்டிக்கொள்கிறது. துணைக்குத் தெரியும் விசிறி வல்லூற்றுக்கும் தெரியும் என்பதுதான் இதிலுள்ள இடர்.

1829ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இதற்குச் சிட்டானா பொண்டிசெரியானா என்று பெயரிட்டார். பிற்பெயர் புதுச்சேரியைக் குறிப்பது. நெடுங்காலமாகத் தென்னாட்டு ஓணான்கள் பலவும் இவ்வொரு பெயருக்குள்ளேயே அடக்கப்பட்டிருந்தன. பின்னர், செதில்களின் எண்ணிக்கையையும் விசிறியின் அளவையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஒன்றெனக் கருதப்பட்டவை பல இனங்கள் எனக் கண்டனர். 2016இல் அறிவிக்கப்பட்டவற்றுள் இரண்டு தமிழ்ப் பெயர் தாங்கியவை. ஒன்று சிட்டானா விசிறி; பனையோலை விசிறியே அப்பெயரின் மூலம். மற்றொன்று தென் தமிழகத்தைச் சேர்ந்த சிட்டானா மருதம்நெய்தல். வயல் சார்ந்த நிலத்திலும் கடல் சார்ந்த நிலத்திலும் வாழ்வதால் நம் திணைப் பெயர்கள் இரண்டும் இணைந்து உலக அறிவியல் ஏட்டில் ஏறின. அகப்பொருள் இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இது தனி மகிழ்ச்சி தருவதாகும்.

கடலுக்கு அப்பால், இலங்கையிலும் இவற்றின் உறவினங்கள் உள்ளன. 2015இல் அங்கிருந்து இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. நீந்திக் கடக்க இயலாத உயிர் அக்கரையில் இருப்பது எங்ஙனம்? பாக் நீரிணை ஆழம் குறைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உறைபனிக்காலத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கிடந்தது தரையே. அதற்கு முன்னரும் கடல் பலமுறை தாழ்ந்து உயர்ந்துள்ளது. நீர் சூழ்ந்து உறவு அறுபட்ட கூட்டங்கள் தத்தம் கரையில் தனித்தனியே மாறுதலுறுவது இயற்கை.

மலைமீதும் இக்குடும்பத்தார் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில், மகாராட்டிரத்தின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் சாராடா சூப்பர்பா என்னும் இனம் வாழ்கிறது. அதன் விசிறியில் நீலமும் கருமையும் செம்மஞ்சளும் பளிச்சிடும். அங்குக் காற்றாலைகள் நிறுவப்பட்ட பின் நேர்ந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. சுழலும் இறக்கைகளால் வேட்டைப் பறவைகள் குறைந்தன, ஓணான்கள் பெருகின. இது நன்மை போலத் தோன்றும். ஆயினும், காற்றாலைப் பகுதியில் வாழ்ந்த ஆண்களின் விசிறி நிறம் மங்கியிருந்தது. நெரிசலில் உணவுக்குப் போட்டி மிகுந்ததை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஆய்வாளர் கருதினர்.

கடற்கரை ஓணானுக்கு வரும் இடர் வேறுவகையானது. திறந்த மணல்வெளியைத் தரிசு என்று எழுதிவைப்பது நம் நில ஏடுகளின் வழக்கம். தரிசு எனப்பட்ட நிலத்தில் எதை நட்டாலும் நன்மையே என்ற எண்ணமும் உடன் வருகிறது. இராமநாதபுரத்தில் விறகுக்கும் கரிக்கும் உதவிய சீமைக் கருவேலம், கண்மாய்களையும் வெற்றுநிலங்களையும் மூடிப் பரவியது. நிழல் வேண்டும் உயிர்களுக்கு அம்முட்காடு புகலிடம் ஆகலாம். விசிறி விரிக்கும் ஆணுக்கோ தொலைவிலிருந்து காணப்படும் வெளி வேண்டும். பெண் தன் கால்களால் தளர்ந்த மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுச் செல்லும். அதன்பின் முட்டையைக் காப்பதற்குத் தாய் இல்லை. வெயில் சுட்ட அந்த மண் மட்டுமே இருக்கிறது.