விண்வெளிக் கப்பலில் ஒலிக்கும் காயத்ரி!

கோடை வந்துவிட்டால் தர்மபுரி வட்டாரத்துக் கிராமங்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாட்டுக்குப் பொருள் சொல்லுவார். இரவில் கூத்து. கடைசியாகப் படுகளம். ஊர் மைதானத்தில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாந்து கிடக்கும்படி செய்து வைத்திருப்பார்கள். பல ஆள் நீளத்துக்குக் கிடப்பான்! பீம வேஷக்காரர் அந்த மண் தொடையின்மீது கதாயுதத்தால் ஓங்கி அடிப்பார். அத்தனை நாளும் விரித்த கூந்தலோடு நின்ற பாஞ்சாலி அன்றுதான் கூந்தலை முடிவாள். சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் பலர் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். மழை பொய்த்தது, வேலை இல்லை என்று கட்டட வேலைக்குப் போனவர்கள். நிலத்தை விட்டார்கள், வீட்டைப் பூட்டினார்கள், ஆட்டையும் மாட்டையும் விற்றார்கள். ஆனால் பாரதத்தை மட்டும் விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுப் போகிறவன் கதையை மட்டும் ஏன் கையோடு கொண்டு போகிறான்?

இந்தக் கேள்வியை மையமாக வைத்து அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் தொடரே எடுத்துவிட்டார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? அதிலும் பெரிய ஆச்சரியம், அந்தத் தொடர் தொடங்கும்போது பின்னணியில் ஒலிப்பது நம்முடைய காயத்ரி மந்திரம்!

ஐம்பதினாயிரம் பேர்

தொடரின் பெயர் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’. 1978ல் கிளென் லார்சன் என்பவர் முதலில் எடுத்தார். பிறகு ரொனால்டு மூர் என்பவர் அதே கதையைப் புதிதாகச் செய்து, 2003ல் ஒரு சிறு தொடராகவும், 2004 முதல் 2009 வரை நீண்ட தொடராகவும் தந்தார்.

கதை இதுதான். விண்வெளியில் எங்கோ பன்னிரண்டு உலகங்கள். அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊழியத்துக்காகச் செய்த இயந்திரங்கள் எஜமானர்களையே எதிர்த்துப் போரிடுகின்றன. சமாதானம் ஏற்பட்டு நாற்பது ஆண்டு கழிந்ததும் திடீரென்று திரும்பி வந்து, ஒரே நாளில் பன்னிரண்டு உலகங்களையும் அணுகுண்டு போட்டு அழித்துவிடுகின்றன. கோடானுகோடி ஜனங்களில் மிஞ்சியவர்கள் சுமார் ஐம்பதினாயிரம் பேர். கைக்குக் கிடைத்த கப்பல்களில் ஏறி ஓடுகிறார்கள். காவலுக்கு ஒரே ஒரு பழைய போர்க்கப்பல். அதுவும் அன்றுதான் ஓய்வு பெற இருந்தது.

எங்கே போவது? யாருக்கும் தெரியாது. அழுது நிற்கும் கூட்டத்தின் முன்னால் தளபதி அடாமா ஒரு வார்த்தை சொல்கிறார். வேதத்தில் சொல்லியிருக்கும் பதின்மூன்றாவது உலகமாகிய பூமி நிஜமானது, அதற்கு வழி தமக்குத் தெரியும் என்கிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது.

அது பொய்! தளபதிக்கு வழியும் தெரியாது. அந்த வேதத்தில் நம்பிக்கையும் கிடையாது.

இந்தப் பொய்யின் மேல்தான் தொடர் முழுவதும் நிற்கிறது. பொய் சொன்னவர் நம்பாதவர். கேட்டவர்களோ நம்பினார்கள். நம்பியதனால் பிழைத்துக் கிடந்தார்கள். அப்படியானால் தளபதி செய்தது குற்றமா? தொடர் இதற்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. அதுவே அதன் பெருமை.

ராசியின் பெயரால் உலகங்கள்

ஞாயிற்றுக்கிழமை தோறும் ராசிபலன் பார்க்கும் வாசகர்களுக்கு அந்தப் பன்னிரண்டு உலகங்களின் பெயரும் அந்நியமாக இராது. மகரம், சிம்மம், கன்னி, துலாம் என்று பன்னிரண்டு ராசிகளின் மேல்நாட்டுப் பெயர்களையே சற்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள ஜனங்கள் கும்பிடுவதும் ஜீயஸ், அதீனா, அப்போலோ என்னும் பழைய கிரேக்க தெய்வங்களைத்தான். முரட்டு விமானியாகிய ஸ்டார்பக் என்ற பெண், குடிப்பாள், சீட்டாடுவாள், மேலதிகாரியையே அடிப்பாள். ஆயினும் சிறிய தெய்வ உருவங்களை ஒளித்து வைத்திருந்து, யாரும் பார்க்காத வேளையில் எதிரே வைத்துப் பிரார்த்தனை செய்வாள். நம் ஊர் லாரிகளில் டிரைவருக்கு முன்னால் முருகன் படம் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இயந்திரங்களின் மதம் வேறு. அவற்றுக்குக் கடவுள் ஒருவரே. பல தெய்வங்களை வணங்கும் மனிதர்களைப் பாவிகள் என்று எண்ணியே அவை அழிக்க வருகின்றன. மனிதனைப் போலவே உருவம் பெற்றுவிட்ட அந்த இயந்திரங்களுக்குச் சாவும் இல்லை. ஓர் உடல் அழிந்தால் அதன் நினைவு வேறோர் உடலுக்குள் போய்விடும். விக்கிரமாதித்தன் கதையில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல்தான், வேறென்ன!

முதல் தொடரை எடுத்த லார்சன் மார்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுடைய நூலில் கடவுளின் சிம்மாசனத்துக்கு அருகே உள்ள நட்சத்திரத்துக்கு ‘கோலோப்’ என்று பெயர். அதையே எழுத்து மாற்றி ‘கோபோல்’ என்று, மனிதரும் தெய்வங்களும் ஒன்றாக வாழ்ந்த ஆதி உலகத்துக்குப் பெயரிட்டுவிட்டார். மூர் வந்து, காலம் சுழல்கிறது, நடந்ததே மறுபடியும் நடக்கும் என்ற கருத்தை அந்த வேதத்தில் ஏற்றினார். யுகங்கள் மாறி மாறி வரும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

காயத்ரியோ ரிக்வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் உள்ளது. விசுவாமித்திரர் சூரியனை நோக்கிச் சொன்னது. தொடரில் அதைப் பாடுவது பெண் குரல். பெண்கள் சொல்லலாமா என்று இங்கே விவாதம் நடந்து கொண்டிருக்க, அங்கே விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள்! பொருள் தெரிந்து எத்தனை பேர் கேட்டார்களோ. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

இரண்டு அம்புகள்

தளபதி நம்பாதவர் என்றால், ஜனாதிபதியாக வரும் லாரா ராஸ்லின் வேறு மாதிரி. கல்வி மந்திரியாக இருந்தவர். பதவி வரிசையில் நாற்பத்து மூன்றாவது இடம்! மற்றவர்கள் எல்லாரும் மாண்டதனால் பதவி தேடி வந்தது. அவருக்குப் புற்றுநோய். சாகப்போகும் தலைவர் ஒருவரே ஜனங்களைப் பூமிக்கு அழைத்துச் செல்வார் என்று வேதத்தில் இருப்பதாக ஒரு பூசாரி சொன்னதும், அது தாமே என்று நம்பிவிடுகிறார். வேதத்தில் சொன்ன அப்போலோவின் அம்பை எடுத்துவர, அழிந்துபோன உலகத்துக்கே ஆள் அனுப்புகிறார். கோபோலில் உள்ள ஒரு கல்லறையில் அந்த அம்பைப் பொருத்தியதும் வழி திறக்கிறது. பூமியிலிருந்து பார்த்தால் தெரியும் பன்னிரண்டு ராசி மண்டலங்களும் கண்முன்னே விரிகின்றன.

அம்பு விட்டு வழி கண்ட கதை தர்மபுரிக்காரர்களிடம் வெகுகாலமாக உண்டு. அரூருக்கு அருகே தீர்த்தமலை இருக்கிறது. ராவணனை வென்று திரும்பிய ராமபிரான் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தாராம். காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமார் தாமதித்தார். ராமர் மலையில் ஓர் அம்பை எய்தார், தண்ணீர் பொங்கியது. அதுவே ராமர் தீர்த்தம். பிறகு வந்து சேர்ந்த அனுமார் கோபத்தோடு வீசிய தீர்த்தம் விழுந்த இடம், தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம். தண்ணீருக்கு ஏங்கும் சீமையில் அம்பு தண்ணீரைத் திறந்தது. வீட்டுக்கு ஏங்கும் கூட்டத்துக்கு அம்பு வழியைத் திறந்தது. எதற்கு ஏங்குகிறார்களோ அதையே கதை கொடுக்கிறது.

வேடியப்பன்

1967ல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் ஒரு கதை வந்தது. விண்வெளிக் கப்பல்காரர்கள் ஒரு கிரகத்தில் அப்போலோவையே சந்திக்கிறார்கள். பழையபடி தன்னைக் கும்பிடச் சொல்கிறான். கப்பல் தலைவன் மறுத்து, அவனுடைய கோவிலையும் அழித்துவிடுகிறான். அப்போலோ அழுது புலம்பிக் காற்றில் கரைந்து போகிறான். அதன் பிறகு கப்பல்காரர்களுக்கே மனம் கேட்கவில்லை. கொஞ்சம் பூவும் தழையும் போட்டிருந்தால்தான் என்ன நஷ்டம் என்று வருந்துகிறார்கள்.

தர்மபுரிச் சீமையில் யாரும் அப்படி வருந்த வேண்டியதில்லை. இங்கே போடுகிறார்கள். பழைய தகடூர் நாடாகிய இந்தப் பகுதியில் நடுகற்கள் ஏராளம். மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு, ஊர் மாட்டை மீட்டு, உயிரை விட்டவனுக்கு நட்ட கல். ஒரு கையில் வில்லோ வாளோ இருக்கும். சிலவற்றில் வட்டெழுத்தில் அரசன் ஆண்டும் வீரன் பெயரும் இருக்கும். பக்கத்துச் செங்கம் வட்டாரத்துக் கற்களை மட்டும் தொகுத்து 1972ல் தொல்பொருள் துறை ஒரு புத்தகம் வெளியிட்டது. தர்மபுரியில் உள்ள அகழ்வைப்பகத்திலும் பல கற்களைக் காணலாம்.

காட்டிலும் வயலிலும் நிற்கும் கற்கள் இன்னும் பல. அவற்றில் எழுதியிருப்பதைப் படிக்க உள்ளூரில் ஆள் இல்லை. வட்டெழுத்து வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. மாட்டுக்காகச் செத்தவன் பெயர் மறந்து போயிற்று. ஆனால் அவனை விட்டுவிட்டார்களா? இல்லை. ‘வேடியப்பன்’ என்று பெயர் வைத்தார்கள். பொங்கலிட்டுப் படைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அதே பெயர் சூட்டினார்கள். ஆகவே இன்றும் பெங்களூரில் பத்தாவது மாடிக்குக் கம்பி கட்டும் வேடியப்பன்களைக் காணலாம்!

கலாக்டிகா கப்பல்காரர்களும் கடைசியில் ஒரு பூமியைக் காண்கிறார்கள். அணுகுண்டில் வெந்து சாம்பலான பூமி! அத்தனை பாடுபட்டும் இதுதானா என்று ஒரு பெண் அதிகாரி தற்கொலை செய்துகொள்கிறாள். தளபதியே குடித்துவிட்டுத் தரையில் கிடக்கிறார். ராஸ்லின் வேதத்தை நெருப்பில் போடுகிறார். ஆயினும் ஓட்டம் நிற்கவில்லை. கடைசிக் கடைசியாகப் பசுமையான வேறோர் உலகம் கிடைக்கிறது. பழையதன் ஞாபகமாக அதற்கும் பூமி என்றே பெயர் வைக்கிறார்கள். அதுதான் நாம் வாழும் பூமி; அவர்கள் இறங்கியது ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று கதை முடிகிறது. தளபதி சொன்ன பொய் பலித்துவிட்டது.

படுகளம் முடிந்ததும் சில ஊர்களில் துரியோதனன் உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். வீட்டில் வைத்தால் நல்லது என்பது நம்பிக்கை. அந்த மண்ணைத் துணியில் முடிந்து பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.