காவல் நாய்க்கும் காவல் வேண்டும்

வீட்டையும் களத்தையும் ஆட்டுக்கிடையையும் இராமுழுதும் காத்து நிற்கும் நாய்க்கு வேறொரு காவல் எதற்கு என்று கேட்பவர் உண்டு. மாடு காணாமற்போனால் அன்றே ஊரைக் கூட்டித் தேடும் குடியானவர், நாய் காணாமற்போனால், "எங்கேனும் திரிந்துவிட்டு வந்து சேரும்" என்று இரண்டொரு நாள் வாளாவிருந்துவிடுகிறார். அந்த இரண்டு நாட்களே திருடனுக்குப் போதுமானவை. அதற்குள் நாய் வேறு ஜில்லாவுக்குப் போய், வேறு பெயருடன் வேறொருவர் வீட்டில் கட்டப்பட்டுவிடக்கூடும்.

தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களில் வளர்க்கப்படும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாய்கள் பிரசித்தி பெற்றவை. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா ராஜபாளையம் நாயின் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. கர்நாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஒரு பிராணியின் மதிப்பு உயர உயர அதன்மீது திருடரின் கண்ணும் விழுவது இயற்கை. நல்ல பெட்டை நாயொன்று களவு போனால் போவது ஒரு நாய் மட்டுமன்று. பல தலைமுறையாகக் கலப்பின்றிப் பேணிவந்த வம்சமே அவ்வூரைவிட்டுப் போய்விடுகிறது.

திருடன் வரும் வழி

நாய்த் திருடன் பெரும்பாலும் பலத்தை உபயோகிப்பதில்லை, பழக்கத்தை உபயோகிக்கிறான். குட்டி விலைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கும் பாவனையில் வந்து, நாய் கட்டும் இடத்தையும் வீட்டார் வெளியே போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்கிறான். பின்னர் இறைச்சித் துண்டு கொடுத்து நாயைச் சிநேகம் செய்துகொள்கிறான். சில சமயம் மயக்கமருந்தும் கலந்துவிடுகிறான். ஆகையால் குட்டி வாங்க வருவோரை வாசலிலேயே இருக்கச்செய்து, குட்டியை அங்கே கொண்டுவந்து காட்டுவதே நலம். தாய் நாய் கிடக்கும் இடத்துக்கு அன்னியரை அழைத்துச்செல்லலாகாது. நாயின் படத்தையும் விலையையும் ஊர்ப்பெயருடன் கைபேசி வழியாகப் பலருக்கும் பரப்புவது, திருடனுக்கு வழிகாட்டுவதே ஆகும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

தெருவாசலிலோ, தோட்டத்து வேலியோரத்திலோ, ஆளில்லாத பம்புசெட் அருகிலோ சங்கிலியில் கட்டப்பட்ட நாய், ஓடவும் இயலாமல் ஒளியவும் இயலாமல் திருடன் கைக்கு எளிதில் அகப்படும். இரவில் அதனைச் சுற்றுச்சுவருக்குள்ளோ, வீட்டார் படுக்கும் இடத்துக்கு அருகிலோ விடவேண்டும். குறுகிய அல்லது பளுவான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். கொட்டில் கதவின் தாழ்ப்பாள் தெருப்பக்கத்திலிருந்து கை எட்டாதபடி அமையவேண்டும்.

வீட்டார் கையால், அதற்குரிய தட்டில் வைத்த உணவையன்றி வேறெதையும் உண்ணாதபடி குட்டிப்பருவம் முதற்கொண்டே பழக்கவேண்டும். நண்பர் ஒருவரைக்கொண்டு உணவு நீட்டச்செய்து, நாய் முகர வரும்போது அதட்டி விலக்கி, விலகியதும் வீட்டார் கையால் வேறு உணவு கொடுத்துவந்தால் நாளடைவில் அதற்கு இது பழகிவிடும். கொல்லையில் இனந்தெரியாத இறைச்சித் துண்டு கிடந்தாலும், நாய் காரணமின்றித் தள்ளாடினாலும் உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். அன்றிரவு வீட்டார் விழிப்புடன் இருப்பதும் அவசியம்.

ராஜபாளையம் நாய் வளர்ப்போர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். முழு வெண்மை நிறமுடைய நாய்களிற் சில பிறவியிலேயே செவிடாயிருப்பதுண்டு. அத்தகைய நாய்க்கு அன்னியர் காலடியும் கேளாது, எஜமானர் கூப்பிடும் குரலும் கேளாது. குட்டி உறங்கும்போது, காற்றும் தரையின் அதிர்வும் எட்டாத தொலைவில் பின்புறமாக நின்று கைதட்டிப் பார்த்தால் ஒருவாறு தெரியவரும். செவிட்டு நாயைத் தனிக்காவலுக்கு விடுவதும், இனவிருத்திக்கு வைத்துக்கொள்வதும் தகாது.

பெட்டை பருவத்துக்கு வரும் காலம் ஏறக்குறைய 3 வாரம் நீடிக்கும். அக்காலத்தில் பெட்டையை உள்ளே அடைத்து வைக்காவிடில் வம்சமும் கெடும், திருட்டுக்கும் இடமாகும். ஆண் நாய்களும் அப்போது வெகுதூரம் அலைந்துவிடுவதால் அவற்றையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். இனவிருத்திக்கு வேண்டாத நாய்களுக்குக் கருத்தடை செய்வித்தால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

வெளியே அழைத்துச்செல்லுகையில்

சிப்பிப்பாறை, கன்னி முதலியவற்றின் தலை குறுகியது. சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே நழுவிவிடும். எனவே அகலமான பட்டையை, இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கிக் கட்டவேண்டும். மார்பைச் சுற்றிப் பூட்டும் வாரும் நல்லது. சாலையோரத்தில் வாரைக் குறுகப் பிடித்து, நாயைச் சாலைக்கு மறுபுறத்தில் நடத்தவேண்டும். தேநீர்க்கடை வாசலிலும் ரேஷன் கடை வாசலிலும் நாயைக் கட்டிவிட்டு உள்ளே போவது பெருந்தவறு. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியாகப் போவதும், சிறுவரிடம் தனியாக ஒப்புவித்து அனுப்புவதும் கூடா. கூப்பிட்டவுடன் திரும்பிவர நன்கு பழகாத நாயை வெட்டவெளியில் அவிழ்த்துவிடலாகாது.

அடையாளமே உரிமை

இவற்றுக்கெல்லாம் மேலானது, நாய் தம்முடையது என்று நிரூபிக்கும் ஏற்பாடு. ராஜபாளையம் நாய் வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையதென்று எழுதிக்கொடுத்தால் அது ஊரிலுள்ள அவ்வின நாய்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதற்கு மைக்ரோசிப் நல்ல சாதனம். அரிசியளவேயான இது, தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் ஊசிமூலம் செலுத்தப்படுகிறது. அதிலுள்ள 15 இலக்க எண்ணை அதற்குரிய கருவியால் படிக்கலாம். நாய் இருக்குமிடத்தை அது காட்டாது. யாருடைய நாய் என்பதையே காட்டும். எண்ணை உடையவர் பெயரில் பதிவு செய்யாவிடில் அந்தப் பயனும் இல்லை.

கழுத்துப்பட்டையில் கைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். நாயின் பெயரைப் பொறிக்கவேண்டாம், அன்னியர் அப்பெயரால் அழைத்து வசப்படுத்தக்கூடும். இருபக்கத் தோற்றம், முகம், தழும்பு, மச்சம் ஆகியவற்றின் படங்களையும், நாயுடன் வீட்டார் நிற்கும் படத்தையும் எடுத்து வைக்கவேண்டும். வாங்கிய ரசீதையும், ஆண்டுதோறும் போடும் வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டையும் பத்திரத்துடன் பத்திரமாகச் சேர்த்து வைப்பது உசிதம்.

காணாமற்போனால்

அன்றே போலீஸ் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 303-ஆம் பிரிவின்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. குடியிருக்கும் வீட்டினுள் நிகழ்ந்த திருட்டுக்கு 305-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை உண்டு. திருட்டுப் பொருளென்று அறிந்தே வாங்குவோரும் 317-ஆம் பிரிவின்படி குற்றவாளிகளே. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்து, முதன்முறைக் குற்றவாளியும் பொருளைத் திருப்பிக்கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனையாகும். ஆகவே மதிப்பைக் காட்டும் ரசீது மிகவும் முக்கியம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம்.

புகார் கொடுப்பதில் மற்றொரு பாதுகாப்பும் உண்டு. களவுபோன வேட்டை நாயைக்கொண்டு முயல் முதலியவற்றை யாரேனும் வேட்டையாடினால், அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதமாகும். புகார் கொடாதிருந்த உடையவர்மீதும் வீண் சந்தேகம் விழக்கூடும்.

அறிவிப்பு வெளியிடும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்துவைத்து, நாயைக் கண்டதாக வருவோரிடம் அதனைக் கேட்டறியவேண்டும். நாயைக் காணுமுன் பணம் அனுப்பலாகாது.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதனை அற்ப விஷயமென்று ஒதுக்காமல், எழுதத் தெரியாதவர்களுக்குப் புகார் எழுத உதவவேண்டும். ஊரிலுள்ள நாய்கள், உடையவர் பெயர், அடையாளம், மைக்ரோசிப் எண் ஆகியவை அடங்கிய பட்டியலொன்றைத் தயாரித்து வைப்பது மிகவும் பயன்படும். தடுப்பூசி முகாம் நடக்கும் நாள் இதற்கு வாய்ப்பானது. தெருநாய்களைக் கருத்தடைக்காகப் பிடிக்க ஆட்கள் வருமுன் தண்டோரா மூலம் தெரிவித்தால், வீட்டு நாய்களைப் பட்டையுடன் உள்ளே கட்டிவைக்க இயலும். நாய்பிடிப்போரென்று பொய்சொல்லி வரும் திருடரையும் எளிதில் கண்டுகொள்ளலாம்.

நாய் தன் எஜமானரை எவ்விடத்தும் அறிந்துகொள்ளும். அவரே அதன் எஜமானர் என்பதைப் பிறர் அறியச்செய்யும் சாட்சி எழுத்தில் இருக்கவேண்டும். அதனை இன்றே தயாரித்து வைப்பவர், நாளை வேறோர் ஊர்வாசலில் தம் நாயைக் கண்டால் வெறுங்கையுடன் திரும்பவேண்டியதில்லை.