புரியாமை யாருடையது?

“நேரம் கிடைக்கும்போது இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க” என்கிறார் மேலாளர். பக்கத்து மேசைக்காரர் அதை ‘இன்று மாலைக்குள்’ என்று எடுத்துக்கொள்கிறார். ஆட்டிசம் உள்ள ஊழியர், கையில் இருந்த வேலையை முடித்து, நேரம் கிடைத்த மூன்றாம் நாள் பார்க்கிறார். சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர்தான். பொறுப்பில்லாதவர் என்ற பெயரும் அவருக்குத்தான்.

இத்தகைய சறுக்கல்களுக்கு அறிவியல் நெடுங்காலம் ஒரே விடையை வைத்திருந்தது. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் குழந்தைகளுக்கு ஒரு பொம்மைக் காட்சி நடத்தினர். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் போடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினர். மற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் கூடையைக் காட்டினர். அடுத்தவர் மனத்தை ஊகிக்கும் திறன் இவர்களுக்குக் குறைவு என்ற முடிவு பாடநூல்களில் ஏறியது. ‘கண்ணைப் பார்த்துப் பேசு, சிரித்துப் பழகு’ என்ற பயிற்சிகளும் இவர்களுக்கு மட்டுமே தரப்பட்டன.

2012-இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன் எதிர்க்கேள்வி ஒன்றை வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். பேச்சில் இரண்டு பேர் இருக்க, ஒருவரை மட்டும் ஏன் சோதிக்கிறீர்கள்? இவருக்கு மற்றவர் மனம் எட்டவில்லை என்றால், மற்றவருக்கு இவர் மனம் எட்டுகிறதா? இதற்கு அவர் வைத்த பெயர் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’.

மற்ற தரப்பைச் சோதித்தபோது கிடைத்தவை என்னை மிகவும் உலுக்கின. அமெரிக்காவில் நோவா சாசனும் அவரது குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய 10 நொடிக் காட்சிகளைப் பிறருக்குக் காட்டினர். யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லவில்லை. பார்த்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றிக் குறைவாகவே எண்ணினர். அவர்களோடு பேச்சுக் கொடுக்கவும் தயங்கினர். குரலை மட்டும் கேட்டவர்களும் அசையாத படத்தை மட்டும் பார்த்தவர்களும் அப்படியே. அதே பேச்சை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. தொனியையும் தோரணையையும் வைத்தே, 10 நொடிக்குள், ஒரு மனிதர் தள்ளி வைக்கப்படுகிறார். அலுவலகத்தில் முதல் நாளிலேயே இது நடந்துவிட்டால், அதன்பின் அவர் எத்தனை நன்றாக வேலை செய்தாலும் போதாது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கிராம்ப்டன் இன்னொரு வழியில் சோதித்தார். எட்டுப் பேர் ஒருவர்பின் ஒருவராக ஒரு கதையைக் கேட்டுக் கடத்த வேண்டும். 72 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சமமாகக் கதையைக் காத்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. 311 பேரோடு நடந்த பெரிய ஆய்வு 2025-இல் வந்தபோது, கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. முதல் முடிவில் ஒரு பாதி நிற்கவில்லை. அறிவியலில் அது இயல்பு. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தியைக் கடத்துவதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்பது இரண்டு முறையும் நின்றது. அதுவே பெரிய செய்தி என்று நினைக்கிறேன்.

பேச்சின் தோரணையை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதை வேலை கொடுப்பவர்களில் சிலர் முன்பே உணர்ந்திருந்தனர். டென்மார்க்கில் தோர்கில் சோனே 2004-இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்னே நிறுவனம், நேர்முகத் தேர்வில் பேசவைப்பதற்குப் பதில் லெகோ ரோபோக்களைக் கொடுத்து, செய்யும் விதத்தைக் கவனித்தது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் கேட்டி மாராஸ் குழுவினர் நேர்முகக் கேள்விகளையே மாற்றினர். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ போன்ற பொதுக் கேள்விகளை விட்டு, எது வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டபோது ஆட்டிசம் உள்ளவர்களின் பதில்கள் மேம்பட்டன. ஆட்டிசம் இல்லாதவர்களின் பதில்களும் மேம்பட்டன.